ஒப்புகையும் ஒப்புதலும்

கேள்வி: வீடு கட்ட வரைபடத்தோடு விண்ணப்பம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டும் வாங்கிவிட்டேன். ஒப்புகை, ஒப்புதல் இரண்டும் ஒன்றுதானே? கடைக்கால் தோண்டலாமா?

பதில்: தோண்டாதீர்கள். உங்கள் தாள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது என்று ஒத்துக்கொள்வது ஒப்புகை. தாளில் கேட்டிருப்பதை ஏற்பது ஒப்புதல். ஒப்புகைச் சீட்டில் விண்ணப்ப எண்ணும் தேதியும்தான் இருக்கும். ஒப்புதல் வந்துவிட்டது என்றால் ஆணை எண், நாள், எத்தனை காலம் செல்லும், என்னென்ன நிபந்தனை என்பதெல்லாம் இருக்கும். வரைபடத்திலும் முத்திரை ஏறியிருக்கும். இவை கைக்கு வருமுன் கட்டினால் அது அனுமதியற்ற கட்டடம்.

குழப்பத்துக்குக் காரணம், இரண்டு சொல்லும் 'ஒத்தல்' என்ற ஒரே வேரிலிருந்து வந்ததுதான். இரண்டு பொருள் ஒன்றுபோல் இருந்தால் ஒப்பு. மனம் இணங்கினாலும் ஒப்பு. இணங்கியதற்கு அடையாளமாக இடும் கையெழுத்தும் ஒப்புதான். கையொப்பம் என்கிறோமே, அது. மலையாளத்தில் இன்றைக்கும் ஒப்பு என்றால் கையெழுத்து. கன்னடத்தில் ஒப்பிகெ என்றால் சம்மதம்.

சோழர் அலுவலகத்திலும் இந்தச் சொல் புழங்கியது. முதலாம் ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். அந்த ஆணை இருப்பது லெய்டன் செப்பேடு என்று பெயர்பெற்ற ஆனைமங்கலச் செப்பேட்டில். அரசன் வாய்மொழியாகச் சொன்னதைத் திருமந்திர ஓலை (அரசாணை ஓலை) எழுதுபவர் எழுதுவார். ஓலைநாயகம் என்ற மேலதிகாரி அதற்கு 'ஒப்பு' இடுவார். அப்புறம்தான் அது வரிக்கணக்கில் ஏறும். எழுத்தர் எழுதி, அதிகாரி ஒப்பமிட்டு, பதிவேட்டில் ஏற்றும் இன்றைய வரிசை அன்றே இருந்திருக்கிறது என்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் அனுமதி, அங்கீகாரம், இசைவு?

பதில்: அனுமதியும் அங்கீகாரமும் வடசொற்கள். அனுமதி, ஒரு செயலைச் செய்துகொள்ள விடுவது. அங்கீகாரம், 'தன் அங்கமாக்கிக்கொள்வது'. அதனால்தான் பள்ளிக்கு அங்கீகாரம் என்கிறோம், சுவர் எழுப்ப அனுமதி என்கிறோம். இசைவு தமிழ்ச்சொல், இசைதல் என்றால் பொருந்துதல். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழிற்சாலைக்குத் தருவது இசைவாணை. தொழிற்சாலையை நிறுவ ஒன்று, இயக்க இன்னொன்று. முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு உற்பத்தியைத் தொடங்கக் கூடாது.

செய்து முடித்த காரியத்துக்குப் பின்னால் தரும் ஒப்புதலுக்கு அரசு ஆணைகளில் 'பின்னேற்பு' என்று தனிச்சொல் உண்டு. நல்ல சொல்.

கேள்வி: குற்றவாளி தருவதை ஏன் 'ஒப்புதல் வாக்குமூலம்' என்கிறார்கள்? அவர் யாருக்கு ஒப்புதல் தருகிறார்?

பதில்: யாருக்கும் தரவில்லை. 'நான்தான் செய்தேன்' என்று ஒப்புக்கொள்கிறார். இங்கே ஒப்புதல் என்பது உண்மையை ஏற்பது, சம்மதம் அல்ல.