கோபிப் பாலைவனத்துச் செம்மணற்கல்: கேட்டவையும் பதில்களும்

ஆறு, ஏரி இருந்த இடங்களில்தானே தொல்லுயிர் எச்சங்கள் கிடைக்கும்? மங்கோலியாவின் கோபியிலுள்ள ஜடோக்தா என்ற மணற்கல் அடுக்கில் எப்படி?

இறந்த உடல் அழுகிச் சிதறுமுன் புதைய வேண்டும், அவ்வளவுதான். அது சேறாக இருக்க வேண்டும் என்பதில்லை. 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் அங்கே மணற்குன்றுகள்தான். அங்குள்ள உகா தோல்கோத் என்ற இடத்தில் இருவகை மணற்கல்லைப் பார்க்கலாம். ஒன்றில் காற்று குவித்த மணலின் சாய்வான வரிகள் தெளிவாகத் தெரியும். அதில் எலும்புக்கூடுகள் கிடைப்பதில்லை. மற்றதில் வரியே இருக்காது. முழு எலும்புக்கூடுகள் இருப்பது அதில்தான். கனமழையில் ஊறிய குன்றுச்சரிவு பெயர்ந்து உயிர்களை அப்படியே மூடியது என்பது புவியியலாளர்களின் விளக்கம். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

சண்டையிட்டபடியே இரு டைனோசர்கள் கிடைத்தன என்கிறார்களே, மெய்யா?

மெய்தான். 1971இல் போலந்து-மங்கோலியக் குழு கண்டெடுத்தது. வெலாசிராப்டர் என்ற ஊனுண்ணியின் வலக்கை, புரோட்டோசெராடாப்ஸ் என்ற தாவர உண்ணியின் அலகுக்குள் சிக்கியிருக்கிறது; வெலாசிராப்டரின் கால் நகமோ எதிராளியின் கழுத்தருகே நிற்கிறது. இதைவிட அரிய தொல்லுயிர் எச்சம் ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

எலும்பு இன்னும் எலும்பாகவே இருக்குமா?

ஓரளவுக்கு. நிலத்தடி நீர் கொண்டுவரும் கனிமங்கள் நுண்துளைகளில் படிந்து அதைக் கல்லாக்கிவிடுகின்றன.

ஓவிராப்டர் என்ற டைனோசர், பெயருக்கேற்ற முட்டை திருடியா, இல்லையா?

பாவம், வீண்பழி! 1923இல் அமெரிக்க ஆய்வுப்பயணி ராய் சாப்மன் ஆண்ட்ரூஸின் குழுவினர் முட்டைக்கூட்டின் மேல் அதன் எலும்புகளைக் கண்டார்கள். முட்டைகள் புரோட்டோசெராடாப்ஸுடையவை, இது தின்ன வந்தது என்று முடிவுகட்டிவிட்டார்கள். 1993இல் அதே வகை முட்டைக்குள் ஓவிராப்டர் குடும்பக் கருவே கிடைத்தது. கூட்டின் மேல் கைகளை விரித்து அடைகாத்தபடி மடிந்த சிட்டிபட்டி என்ற ஓவிராப்டர் குடும்ப டைனோசரும் அதே ஆண்டில் கிடைத்தது. எழுபது ஆண்டுப் பழி அப்படித்தான் நீங்கியது.

இணையத்தில் மங்கோலிய டைனோசர் பல் விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். மங்கோலியச் சட்டப்படி இவை அரசின் சொத்து. 2012இல் நியூயார்க் ஏலத்தில் பத்து லட்சம் டாலருக்கு மேல் விலைபோன டார்போசாரஸ் என்ற ஊனுண்ணி டைனோசரின் எலும்புக்கூடு, மறு ஆண்டே மங்கோலியாவுக்குத் திருப்பித் தரப்பட்டது. சட்டத்தை விட்டாலும், திருடர்கள் பெயர்த்தெடுத்த எலும்பு எந்த அடுக்கில், எந்த நிலையில், எதனருகே கிடந்தது என்பது யாருக்கும் தெரியாது. சிட்டிபட்டியை மட்டும் தோண்டி விற்றிருந்தால் அது அடைகாத்ததை நாம் அறிந்திருக்கவே மாட்டோம்.