மினிமம் டியூ கட்டிக்கொண்டே பழைய கேம் சேர்க்கலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது. ஊர் காவேரிப்பட்டணம் பக்கம், ஓசூரில் வேலை, கைக்கு 34,000 வருகிறது. சீல் பிரிக்காத பழைய பிளேஸ்டேஷன் கேம்கள் மூன்றை கிரெடிட் கார்டில் வாங்கினேன். இப்போது பாக்கி 60,000, மாதாமாதம் மினிமம் டியூ, அதாவது கார்டுக்காரர்கள் கேட்கிற குறைந்தபட்சத் தொகை 3,000 மட்டும் கட்டி வருகிறேன். மூன்றில் ஒன்று 1998-ல் அமெரிக்காவில் வந்த 'டாக்டிக்ஸ் ஓகர்'. இதெல்லாம் இன்னும் ஏறும், தங்கச்சி செயினை அடகு வை, பாதிப் பாதி போட்டு இன்னும் இரண்டு வாங்குவோம் என்கிறார் மச்சான், என் மனைவியின் அண்ணன். போட்டோ அனுப்பியிருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: தம்பி, நல்ல கேமைத்தான் வாங்கியிருக்கிறீர்கள். 1995-ல் ஜப்பானில் சூப்பர் ஃபாமிகாம் என்ற நிண்டெண்டோ கேம் பெட்டிக்கு குவெஸ்ட் கம்பெனி செய்தது, சதுரங்கம் மாதிரி கட்டம் கட்டமாகப் படையை நகர்த்தும் ஆட்டம். சொந்த ஜனங்களையே கொன்று பழியை எதிரி மேல் போடு என்று உத்தரவு வரும், நீங்கள் சரி என்கிறீர்களா மாட்டேன் என்கிறீர்களா என்பதைப் பொறுத்துக் கதையே வேறு பாதையில் போகும். இதைச் செய்த யசுமி மட்சுனோதான் பிறகு ஸ்கொயர் என்ற கேம் கம்பெனிக்குப் போய் 1997-ல் 'ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸ்' எடுத்தார். மதிப்பு இருக்கிறது, மறுக்கவில்லை.

ஆனால் விலை ஏறும் என்று மச்சான் சொல்வதற்கு என்ன ஆதாரம்? 2021-ல் ஒரு 'சூப்பர் மாரியோ 64' 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனதைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். அது பிரிக்காத பெட்டி, தரம் பார்த்து மிக உயர்ந்த மதிப்பெண் வாங்கியது. உங்களுடையதின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், சீல் கவர் வலது மூலையில் கிழிந்திருக்கிறது, வாங்க வருபவர் முதலில் அங்கேதான் விலையைக் குறைப்பார். அப்புறம், டாக்டிக்ஸ் ஓகரை ஆட ஆசைப்படுபவருக்கு 2010-ல் பிஎஸ்பி என்ற கையடக்க பிளேஸ்டேஷனுக்குப் பதிப்பு வந்தது, 2022-ல் 'ரீபார்ன்' என்ற புதுப்பித்த பதிப்பு வந்தது, உங்கள் டிஸ்க்குக்காக அவர் காத்திருக்கத் தேவையில்லை. அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறவர்தான் உங்கள் வாடிக்கையாளர், அந்த ஆளைக் கிருஷ்ணகிரியில் எங்கே போய்த் தேடுவீர்கள்? வெளிநாட்டுக்கு விற்றால் கமிஷன், தபால், இன்சூரன்ஸ் எல்லாம் உங்கள் தலையில்.

இதெல்லாம் கூட இரண்டாம் பட்சம். உங்களை அரிப்பது அந்த மினிமம் டியூ. மாதம் மூன்றரை சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் 60,000-க்கு 2,100, அதன் மேல் ஜிஎஸ்டி 378. நீங்கள் கட்டுகிற 3,000-ல் அசலுக்குப் போவது 522 ரூபாய்தான்! வருடத்துக்குக் கிட்டத்தட்ட 30,000 வட்டியாகவே போகிறது. மூன்று கேமும் சேர்ந்து வருடம் 30,000 ஏறினால்தான் கைக்கும் வாய்க்கும் சரியாகும், லாபம் அதற்கு மேல்தான்.

செயினை அடகு வைக்கலாம், கேமுக்கு வேண்டாம், கார்டை அடைக்க வையுங்கள். அதுவும் உங்கள் மனைவி மனதாரச் சரி என்றால் மட்டும், அது அவருடைய நகை. கூட்டுறவு சங்கத்திலோ அரசு வங்கியிலோ வருடம் பத்து சதவீதத்தை ஒட்டிக் கிடைத்தால் முதல் மாத வட்டி 500-தான் வரும். மாதம் 5,300 கட்டினால் ஒரு வருடத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். இப்போது கட்டுவதைவிட 2,300 அதிகம், 34,000 சம்பளத்தில் சிரமம்தான், தெரிந்தே சொல்கிறேன். அந்த வருடம் முழுக்கக் கார்டைத் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் கார்டு, நகைக்கடன் என்று இரண்டு கடனாகிவிடும்.

மச்சானிடம் "கார்டு அடையட்டும், அதுவரைக்கும் ஒத்த ரூபாய் போட முடியாது" என்று நேராகவே சொல்லிவிடுங்கள். மனத்தாங்கல் வரும், வரட்டும், ஏனென்றால் அவர் கேட்கிற பாதிப் பணம் முழுக்கவே கடன். இப்போது ஒரே பழைய பொருளின் உரிமையைச் சின்னச் சின்னப் பங்காகப் பல பேருக்கு விற்கிறோம் என்று சொல்லி வருகிறார்களே, அதையும் அவர் பேச்சோடு சேர்த்துத் தள்ளி வையுங்கள்.

மூன்றில் மனசுக்குக் குறைவாகப் பிடித்தது எதுவோ அதை இப்போதே விற்று வந்த பணத்தை அப்படியே கடனில் போடுங்கள். டாக்டிக்ஸ் ஓகரை வைத்துக்கொள்ளுங்கள். போட்டோவில் அது தகரக் கூரைக்கடியில் பீரோ மேல் இருக்கிறது, சித்திரை வெயிலுக்குக் கவர் சுருங்கிக் கிழிசல் இன்னும் பெரிதாகும், இறக்கிக் கீழ்த்தட்டில் துணிகளுக்கு நடுவே வையுங்கள்.