அமெரிக்கப் பெண் விமானி அமேலியா இயர்ஹார்ட்டுக்கும் கனடாவுக்கும் என்ன தொடர்பு?

தொடர்பு ஆழமானது. ஆனால் பலர் அதைத் தவறான இடத்தில் தேடுகிறார்கள். அவர் அட்லாண்டிக்கைக் கடக்கக் கிளம்பிய நியூஃபவுண்ட்லாந்து அப்போது கனடாவே அல்ல, தனி ஆட்சிப்பகுதி. கனடாவோடு அது சேர்ந்தது 1949-இல். அமேலியாவோ 1937 ஜூலை 2-ஆம் தேதியே பசிபிக்கில் காணாமல் போய்விட்டார்.

உண்மையான கனடாத் தொடர்பு டொராண்டோதான். அங்கே படித்த தங்கையைப் பார்க்க 1917 கிறிஸ்துமஸுக்குப் போனவர், போரில் கால் இழந்த சிப்பாய்களைத் தெருவில் கண்டு தன் படிப்பையே விட்டுவிட்டார். ஸ்பாடினா ராணுவ மருத்துவமனையில் துணைச் செவிலியாகச் சேர்ந்து பத்தியச் சமையலும் மருந்து விநியோகமும் பார்த்தார். ஓய்வு கிடைத்தால் விமானத் திடல். புரொப்பல்லர் கிளப்பும் பனித்தூள் முகத்தில் அறைய நின்று வேடிக்கை பார்ப்பார். 1918 ஃப்ளூ காலத்தில் நிமோனியாவோடு சைனஸும் பிடித்துக்கொண்டது. காற்றழுத்தம் சீராக்கப்படாத அன்றைய விமானங்களில் ஏறி இறங்குபவருக்கு சைனஸைப் போல் எதிரி வேறில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அது அவரை விடவில்லை.

நியூஃபவுண்ட்லாந்தைத் தேர்ந்ததற்குக் காரணம் எளிது: ஐரோப்பாவுக்கு மிக நெருங்கிய கரை, அதனால் பெட்ரோல் மிச்சம். 1928-இல் ட்ரெபாசி துறைமுகத்தில் ஃபோக்கர் மிதவை விமானம் இரண்டு வாரம்போல முடங்கியது. எடை அதிகம், காற்றோ ஒத்துழைக்கவில்லை, தெறித்த உப்புநீர் பக்கவாட்டு இன்ஜின்களை நனைத்து வேகத்தைக் கெடுத்தது. எரிபொருளை 700 காலனாகக் குறைத்த பிறகே தண்ணீரைவிட்டு எழும்பியது. அதில் அமேலியா பயணி மட்டுமே.

1932 மே 20 அன்று ஹார்பர் கிரேஸ் ஓடுதளத்திலிருந்து லாக்ஹீட் வேகாவில் தனியாகக் கிளம்பினார். அதற்கு முந்தைய இரவு விமானம் தங்கியது கனடாவின் செயின்ட் ஜானில். கடல்மேல் உயரமானி செத்தது. மூடுபனியில் இது கொலைக்கருவி: இறக்கையில் படிந்த பனிக்கட்டி உருகத் தாழப் பறக்க வேண்டும், ஆனால் கடல் எவ்வளவு கீழே என்று தெரியாது. எக்ஸாஸ்ட் குழாயின் வெல்டிங் பிளந்து தீ தெரிந்தது. ரிசர்வ் டேங்கைத் திறந்தால் பழுதான அளவுமானியிலிருந்து பெட்ரோல் கழுத்தில் வடிந்தது. போய்ச்சேர நினைத்த பாரிஸை மறந்து வட அயர்லாந்தின் கல்மோரில் ஒரு மேய்ச்சல் நிலத்தில் இறக்கினார். ஆன நேரம் 14 மணி 56 நிமிடம்.