நாற்பது பெண்களின் குரல்களை ஒரே ஒலிப்படைப்பாக்குவது எப்படி?

கேள்வி: எங்கள் மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த 40 பெண்கள் நடவுப் பாட்டு, தாலாட்டு, தங்கள் வாழ்க்கைக் கதை ஆகியவற்றைக் கைப்பேசியில் பதிவு செய்து தந்திருக்கிறார்கள். சமுதாயக் கூடத்தில் ஒலிக்கவிட எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தால் வெறும் இரைச்சலாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: இரைச்சலுக்குக் காரணம் பதிவின் தரம் மட்டுமன்று. பெண்களின் பேச்சுக் குரலின் அடிப்படை அதிர்வெண், அதாவது குரல் நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பது, பெரும்பாலும் 165 முதல் 255 ஹெர்ட்ஸ் வரை அமைகிறது. எல்லாரும் ஏறத்தாழ ஒரே எல்லைக்குள் பேசுவதால் ஒருவர் சொல் மற்றவர் சொல்லை மூடிவிடுகிறது. தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் திருகி இதைப் பிரிக்க இயலாது. நேரத்தாலும் இடத்தாலும்தான் பிரிக்க முடியும்.

ஆகவே, எது புரிய வேண்டும், எது சூழ்ந்து ஒலித்தால் போதும் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். வாழ்க்கைக் கதை ஒரு நேரத்தில் ஒருவருடையதாகவே கேட்கட்டும். நீண்ட உயிரொலிகளாக இழையும் ‘ஆராரோ’ பலர் குரலில் அடுக்கப்பட்டாலும் கெடாது. குலவையோ ஆள் கூடக்கூடத்தான் செழிக்கும். ஒருத்தி முன்னே பாட மற்றவர்கள் வாங்கிப் பாடும் நடவுப் பாட்டின் முறையையே முழுப் படைப்புக்கும் கட்டமைப்பாகக் கொள்வது மிகப் பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. சுருதி நெருங்கிய தாலாட்டுகளை அடுத்தடுத்து வையுங்கள். மென்பொருளால் அனைவரையும் ஒரே சுருதிக்கு இழுத்தால் அவரவர் குரலின் தன்மை போய்விடும்.

ஒலியளவிலும் கணக்கு உண்டு. சம அளவுள்ள இரண்டு குரல்கள் சேர்ந்தால் சுமார் 3 டெசிபெல் கூடும். 40 குரல்கள் சேர்ந்தால் சுமார் 16 டெசிபெல் கூடும். எனவே ஆடாசிட்டி போன்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில், கூட்டாக ஒலிக்கும் பகுதிகளில் ஒவ்வொரு குரலையும் அந்த அளவுக்காவது குறைத்து வைக்காவிட்டால் ஒலி உடைந்து கேட்கும். மின்விசிறி இரைச்சலும் 40 மடங்காகச் சேரும் என்பதால், பேச்சில்லாத இடங்களை வெட்டிவிட்டு, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள உறுமலை வடிகட்டுங்கள். இரைச்சல் நீக்கியை அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். பதிவுகளை வாட்ஸ்அப் குரல் செய்தியாக வாங்கியிருந்தால், மூலக் கோப்பு இருப்பவர்களிடமிருந்து அதையே ‘டாக்குமெண்ட்’ ஆகப் பெறுங்கள்.

கனடாக் கலைஞர் ஜேனட் கார்டிஃப் 2001இல், ஒரு சேர்ந்திசையின் 40 குரல்களைத் தனித்தனி ஸ்பீக்கர்களில் ஒலிக்கவிட்டு, கேட்பவர் நடந்து சென்று எந்தக் குரலையும் அருகில் கேட்கும்படி செய்தார். உங்களிடம் 40 ஸ்பீக்கர்கள் இருக்க வேண்டியதில்லை. 40 கைப்பேசிகள் இருக்கின்றன. கூடத்தைச் சுற்றிப் பெண்கள் அமர்ந்து, தாலாட்டுப் பகுதியில் அவரவர் குரலை அவரவர் கைப்பேசியிலேயே ஒலிக்கவிடலாம். நொடி பிசகினாலும் அங்கே குறையில்லை. கதைகளை மட்டும் ஒரே ஸ்பீக்கரில், எதிரொலி குறைந்த மூலையில் வையுங்கள்.

இவை அனைத்துக்கும் முன்பு செய்ய வேண்டியது அனுமதி பெறுவது. பெயரைச் சொல்லாவிட்டாலும் குரலை ஊரே அடையாளம் காணும். கூடத்தில் மாமியாரும் கணவரும் அமர்ந்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் குரல் இடம்பெறும் பகுதியைத் தனியே போட்டுக் காட்டுங்கள். கூடத்தில் ஒலிபரப்பவும் இணையத்தில் ஏற்றவும் தனித்தனியாகச் சம்மதம் கேளுங்கள். வேண்டாம் என்று எவரேனும் கடைசி நாளில் சொன்னாலும் உடனே நீக்க வசதியாக, ஒவ்வொரு குரலையும் தனி ட்ராக்கிலேயே வைத்திருங்கள்.