பிங் வருகிறது, கோப்பு நகரவில்லை

கேள்வி: எங்கள் கல்லூரியில் இரு கட்டடங்களில் உள்ள கணினித் தொகுதிகளைப் பழைய ஏ.டி.எம். (பணம் எடுக்கும் இயந்திரமல்ல, தரவைச் சிறு துண்டுகளாக அனுப்பும் வலையமைப்பு முறை) சுவிட்ச் வழியாக இரண்டு ரவுட்டர்களைக் கொண்டு இணைத்திருக்கிறோம். பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனைச் செய்தி) அனுப்பினால் உடனே பதில் வருகிறது. பெரிய கோப்பை நகலெடுத்தால் பாதியில் நின்றுவிடுகிறது. ஒரு முனையில் இணைப்பை அடையாளம் காட்டும் வி.பி.ஐ., வி.சி.ஐ. எண்கள் 0/35 என்றும் மறுமுனையில் 0/42 என்றும் இருப்பதுதான் காரணமா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இல்லை, எண்களைத் தொட வேண்டாம். அவை ரவுட்டருக்கும் அதை ஒட்டிய சுவிட்சுக்கும் இடையில் மட்டுமே செல்லுபடியாகும். சுவிட்ச் தன் அட்டவணையைப் பார்த்து அவற்றை மாற்றி எழுதித்தான் மறுபக்கம் அனுப்புகிறது. கடலூரில் ஒரு நடைமேடையிலிருந்து புறப்படும் பேருந்து புதுச்சேரியில் வேறு எண்ணுள்ள நடைமேடையில் போய் நிற்பதில்லையா, அப்படித்தான். எண்கள் பிழையாக இருந்தால் பிங்கும் வந்திருக்காது.

சிக்கல் வேக ஒதுக்கீட்டில் இருப்பதாகவே தோன்றுகிறது. ஏ.டி.எம். எல்லாத் தரவையும் 53 பைட் செல்களாக, அதாவது சிறு துண்டுகளாக, நறுக்குகிறது. அவற்றில் 5 பைட் தலைப்புக்குப் போக, சரக்குக்கு மிஞ்சுவது 48 பைட். 1500 பைட் ஐ.பி. பொட்டலம் (இணைய நெறிமுறையில் ஒரே கட்டாகச் செல்லும் தரவு) ஒன்று 32 செல்களாகிறது. அவற்றில் ஒரேயொரு செல் தொலைந்தாலும் மறுமுனை ரவுட்டர் பொட்டலம் முழுவதையும் தள்ளிவிடும். உங்கள் ரவுட்டர் 155 மெகாபிட் வேகத்தில் செல்களைக் கொட்ட, சுவிட்சில் அந்த இணைப்புக்கு அதைவிடக் குறைந்த உச்ச வேகம் ஒதுக்கப்பட்டிருந்தால், மிகுதியை சுவிட்ச் ஈவிரக்கமின்றிக் கழித்துவிடும். சாதாரண பிங் இரண்டு மூன்று செல்களுக்குள் அடங்குவதால் தப்பிவிடுகிறது. 1400 பைட் அளவில் பிங் அனுப்பிப் பாருங்கள். பதில் விட்டுவிட்டு வந்தால் சந்தேகம் உறுதியாகும்.

அப்போது இரு ரவுட்டர்களிலும் அந்த வி.சி.யின் (அந்த ஏ.டி.எம். இணைப்பின்) உச்ச வேகத்தை, சுவிட்சில் ஒதுக்கியதைத் தாண்டாதபடி அமைத்துவிடுங்கள். சுவிட்ச் அதை வினாடிக்கு இத்தனை செல் என்று காட்டினால் 424ஆல் பெருக்கிப் பிட்டுகளாக்கிக்கொள்ளுங்கள். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

இன்னொன்று: இணைப்பில் ஐ.பி. மட்டுமே ஓடுகிறது என்றால், பொட்டலம் எந்த வகை என்று சொல்லும் எல்.எல்.சி. உறையை விட்டு, அந்த உறை இல்லாத வி.சி. மக்ஸ் முறைக்கு மாறலாம். 40 பைட் டி.சி.பி. ஒப்புகை (தரவு வந்து சேர்ந்தது என்ற பதில்) அப்போது இரண்டு செல்களுக்குப் பதில் சரியாக ஒரே செல்லில் அடங்கிவிடும். சிறு செய்திகளை ஓயாமல் பரிமாறிக்கொள்ளும் கணினித் தொகுதிகளுக்கு இது லாபமே. ஆனால் இரு முனைகளையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் இப்போது வரும் பிங்கும் நின்றுபோகும்.