ரஷ்யக் கடையில் எல்லாம் கிடைக்கிறது, என்ன விலைக்கு?

கசானில் மருத்துவம் படிக்க வந்திருக்கும் தம்பி கேட்டிருந்தார்: "உக்ரைன் போருக்காக ரஷ்யா மேல மேற்கு நாடுகள் இத்தனை தடை போட்டும் கடையில எல்லாம் கிடைக்குதே, எப்படிண்ணா? என் ஊர்க் கார்டு மட்டும் ஏன் வேலை செய்யல?"

கார்டைத்தான் முதலில் சொல்ல வேண்டும் தம்பி. 2022 மார்ச்சில் விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் ரஷ்யாவில் சேவையை நிறுத்தின. வெளிநாட்டு வங்கி கொடுத்த அந்தக் கார்டுகள் அன்றிலிருந்து இங்கே செல்லாது. ஆனால் ரஷ்ய வங்கிகள் கொடுத்த அதே விசா கார்டுகள் உள்ளூர்க் கடைகளில் தடங்கலில்லாமல் ஓடின. உக்ரைனின் கிரிமியாவை ரஷ்யா தன்னோடு இணைத்துக்கொண்ட விவகாரத்தில் 2014இல் சில வங்கிகளின் கார்டுகள் திடீரென்று முடங்கியபோதே மத்திய வங்கி விழித்துக்கொண்டு, உள்நாட்டுப் பரிவர்த்தனைக்கென்று தனி அமைப்பு கட்டிவிட்டது. 2015 கடைசியில் ரஷ்யாவின் சொந்தக் கார்டான 'மிர்' வந்தது. நம் யுபிஐ மாதிரி போன் நம்பருக்கே பணம் அனுப்பும் வசதி 2019இல் வந்தது. கையிலிருக்கும் டாலரை வங்கியில் மட்டும் மாற்றுங்கள், தெருவில் வேண்டாம். பாஸ்போர்ட்டின் ரஷ்ய மொழிபெயர்ப்பை நோட்டரியிடம் சான்று வாங்கி வைத்துக்கொண்டு, சீக்கிரமே கணக்குத் தொடங்கி மிர் கார்டு வாங்கிவிடுங்கள்.

கடை நிறைந்திருப்பதற்குக் காரணம் வேறு. 2022இல் அரசு 'இணை இறக்குமதி'யை அனுமதித்தது. கம்பெனியின் சம்மதம் இல்லாமலே மூன்றாம் நாட்டு வழியாக ஐபோன் வரும், விலை கூடுதலாக இருக்கும், கம்பெனி உத்தரவாதத்தை நம்ப முடியாது. மெக்டொனால்ட்ஸ் போன இடத்தில் அதே ஆண்டு ஜூனில் 'வ்குஸ்னா இ தோச்கா' என்ற ரஷ்ய உணவகம் திறந்தது. ஐரோப்பியக் கார்கள் விட்ட இடத்தைச் சீனக் கார்கள் பிடித்தன. ஐரோப்பா வாங்க மறுத்த எண்ணெயைத் தள்ளுபடியில் இந்தியாவும் சீனாவும் வாங்கின. பணம் வந்துகொண்டே இருந்தது.

அதனால் தடை ஒன்றும் செய்யவில்லை என்று இங்கே சிலர் மார்தட்டுவார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2022 கோடையில் ரஷ்யக் காரான லாடா கிராண்டா ஏர்பேக்கும், சக்கரம் சறுக்காமல் பிரேக் பிடிக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லாமல் தொழிற்சாலையை விட்டு வந்தது. கார் ஓடியது, ஆனால் உயிருக்கு இருந்த பாதுகாப்பு போனது. 2023 டிசம்பரில் முட்டை விலைக்காகப் புடினே தொலைக்காட்சியில் மன்னிப்புக் கேட்டார். 2024 அக்டோபரில் மத்திய வங்கியின் வட்டி 21 சதவீதம்! அரசு மானியம் இல்லாமல் வீட்டுக்கடன் வாங்குவதைச் சாதாரணக் குடும்பம் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. போர்ச் செலவும் இதில் கலந்திருக்கிறது, தடையின் பங்கை மட்டும் தனியாகப் பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் சம்பளக்காரர் கையிலிருந்து போனது நிஜம்.

இன்னொன்று, இதைக் கவனமாகக் கேளுங்கள். போருக்குப் போனவர்கள், நாட்டை விட்டுப் போனவர்கள் என்று இங்கே கடுமையான ஆள் பற்றாக்குறை. நல்ல சம்பளம் என்று சொல்லி ஏஜென்டுகள் மாணவர்களையும் அணுகுவார்கள். உதவியாளர் வேலை என்று நம்பி வந்த இந்தியர்கள் போர்முனைக்கு அனுப்பப்பட்டார்கள். சிலர் உயிரோடு திரும்பவில்லை. 2024 ஜூலையில் மாஸ்கோ வந்த மோடி இதைப் புடினிடமே பேச வேண்டியிருந்தது. ரஷ்ய மொழியில் எந்தத் தாளை நீட்டினாலும், மொழி தெரிந்த சீனியர் ஒருவர் முழுதாகப் படித்துச் சொல்லும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள், தூதரகத்துக்குப் போன் செய்யுங்கள்.