ஒரே கூட்டம், இரண்டு படம்: எதை நம்புவது?

கேள்வி: ஒரே பொதுக்கூட்டம்தான். ஒரு நாளிதழ் படத்தில் மக்கள் வெள்ளம், இன்னொன்றில் பாதி நாற்காலி காலி. இதில் ஒன்று போட்டோஷாப் வேலைதானே? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பெரும்பாலும் இரண்டுமே நிஜப் படமாகத்தான் இருக்கும், சிக்கலே அதுதான். புகைப்படக்காரர் ஒரு நிகழ்ச்சியில் நூற்றுக்கணக்கில் எடுத்துத் தள்ளுவார், அதில் சிலவற்றை மட்டும் அனுப்புவார், செய்தி அறை டெஸ்க்கில் இருப்பவர் அதிலிருந்து ஒன்றைப் பொறுக்குவார், அப்புறம் பக்கத்தில் இருக்கிற இடத்துக்குத் தக்கபடி ஓரம் வெட்டப்படும். ஒரு பிக்சலைக்கூட யாரும் திருத்தாமலே படம் சொல்லும் சேதி மாறிவிடலாம்.

கூட்டப் படம் என்றால் முதலில் லென்ஸைப் பாருங்கள். 2020 ஏப்ரலில், கொரோனாவுக்காக எல்லோரும் தள்ளி நிற்கச் சொல்லப்பட்டிருந்த நேரத்தில், ரிட்ஸாவ் ஸ்கான்பிக்ஸ் என்ற டென்மார்க் செய்திப்பட ஏஜென்சியின் இரண்டு புகைப்படக்காரர்கள் கோபன்ஹேகனில் அதே மக்களை டெலி லென்ஸிலும் (தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டுவது) வைட் லென்ஸிலும் (அகலமாகக் காட்டுவது) எடுத்துக் காட்டினார்கள். டெலியில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது, வைடில் நல்ல இடைவெளி தெரிந்தது. முன்னால் இருப்பவர் தலையும் வெகு பின்னால் இருப்பவர் தலையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் தெரிந்து, நடுவில் தரையே கண்ணில் படவில்லை என்றால், அது தூரத்தில் நின்று டெலியில் எடுத்தது. அதை வைத்துக் கூட்டத்தைக் கணக்குப் போடாதீர்கள். காலி நாற்காலிப் படத்துக்கு நேரம்தான் கேள்வி: மேடையில் முக்கியப் பேச்சாளர் இருக்கிறாரா, இல்லை கூட்டம் தொடங்குவதற்கு முன்பே எடுத்ததா?

எனக்கு இதையெல்லாம்விட உறுத்துவது ஓரம் வெட்டுவதுதான். அசோசியேட்டட் பிரஸ் என்ற அமெரிக்கச் செய்தி ஏஜென்சியின் இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிரியாவில் ஒரு கிளர்ச்சிப்படை வீரரைப் படம் எடுத்த நார்சிசோ கான்ட்ரேராஸ், மூலையில் தெரிந்த சக நிருபரின் வீடியோ கேமராவைப் படத்திலிருந்து அழித்துவிட்டார். செய்தியின் பொருள் அதனால் மாறவில்லை, ஆனாலும் 2014 ஜனவரியில் ஏஜென்சி அவரோடு உறவை முறித்துக்கொண்டது. அது சரியான முடிவுதான், ஒன்றை விட்டுவைத்தால் அடுத்ததை நம்ப முடியாது. ஆறு வருடம் கழித்து, 2020 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் காலநிலைப் போராளிகள் ஐந்து பேர் வரிசையாக நின்ற படத்தை அதே ஏஜென்சி வெளியிட்டது, ஆனால் வந்த படத்தில் நான்கு பேர்தான். இடது ஓரத்தில் நின்ற உகாண்டாவின் வனேசா நகாட்டே, அந்த ஐவரில் ஒரே கறுப்பினப் பெண், வெட்டப்பட்டிருந்தார். பின்னால் இருந்த கட்டடம் கவனத்தைச் சிதறடித்தது, படம் அழகாக அமைவதற்காக வெட்டினோம் என்றது ஏஜென்சி. தன்னை ஏன் வெட்டினார்கள் என்று நகாட்டேயே பொதுவெளியில் கேட்ட பிறகு முழுப் படம் வந்தது, வருத்தமும் தெரிவித்தார்கள். கேமராவை அழிப்பது விதிமீறல், ஓரம் வெட்டுவது தினசரி வேலை, ஆனால் வாசகருக்கு எது பெரிய நஷ்டம் என்று நீங்களே பாருங்கள்.

சரி, நீங்கள் செய்யக்கூடியது என்ன? படத்தை வைத்தே தேடித் தரும் கூகுள் லென்ஸ் என்ற வசதியில் போட்டால் பல நேரம் அதே படத்தின் அகலமான வடிவம் வேறு தளத்தில் கிடைக்கும், ஓரத்தில் என்ன போயிருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். ஏஜென்சி படம் என்றால் ராய்ட்டர்ஸ், கெட்டி போன்றவற்றின் தளத்தில் அதே நிகழ்ச்சியின் மற்ற படங்களையும் தேடுங்கள். படத்தின் கீழே ‘கோப்புப் படம்’ (அதாவது பழைய படம்) என்று இருக்கிறதா, யார் எடுத்தது என்றும் படியுங்கள், ஏனென்றால் கட்சியோ அலுவலகமோ தானே எடுத்துக் கொடுத்த படம் என்றால் அங்கே நடந்த தேர்வில் செய்தி அறைக்குப் பங்கே கிடையாது. 2024 மார்ச்சில் பிரிட்டன் இளவரசி கேத்தரின் குழந்தைகளோடு இருக்கும் படத்தை அவருடைய அலுவலகமான கென்சிங்டன் அரண்மனைதான் கொடுத்தது, மகள் சார்லட்டின் சட்டைக் கை ஒட்டாமல் இருந்ததைப் பார்த்த பிறகே பெரிய ஏஜென்சிகள் அதைத் திரும்பப் பெற்றன.

அப்படியும் சந்தேகம் தீரவில்லை என்றால் பத்திரிகைக்கே எழுதி, வெட்டாத முழுப் படத்தையும் அது எடுக்கப்பட்ட நேரத்தையும் கேளுங்கள். கேமரா கோப்பிலேயே நேரம் பதிவாகியிருக்கும், அதைப் பார்த்துச் சொல்வது அவர்களுக்கு ஐந்து நிமிட வேலை.